துருக்கி மொழி படிக்கப் பணம் கட்டுவதற்கு முன்

துருக்கி மொழி வகுப்புகளுக்காக நான் கட்டிய தொகை இந்திய மதிப்பில் ஏறத்தாழ 77,000 ரூபாய். அதில் 42,000 ஊரிலிருந்து கிளம்பும் முன் ஓர் இணையப் பயிற்சிக்குப் போனது. மீதி, துருக்கியின் டெனிஸ்லி நகரில் ஒரு தனியார் மொழி மையத்துக்குப் போனது. இரண்டையும் பாதியில் விட்டேன். இரண்டு இடத்திலும் ஒரு காசு திரும்பி வரவில்லை. பணம் போனதைவிட எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் ஆங்கிலத்தை வைத்து மல்லுக்கட்டிச் சொல்லித் தந்ததில் பெரும்பகுதி எனக்கு எட்டாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்திலேயே தெரிந்திருந்தது. அதை ஒருவராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பணத்தில் ஊருக்கு இரண்டு முறை போய் வந்திருப்பேன்.

கரூரில் உள்ள ஒரு நூல் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆளாக அங்கே போனேன். கரூரைப் போலவே டெனிஸ்லியும் துண்டு, குளியலங்கி, படுக்கை விரிப்பு என்று வீட்டுத் துணிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். முதலாளிகள் சிலர் ஆங்கிலம் பேசுவார்கள். ஆனால் வேலை நடப்பது கிடங்கில், லாரி ஓட்டுநரிடம், கணக்கெழுதும் அம்மாவிடம். அங்கெல்லாம் துருக்கி மொழி ஒன்றுதான் செல்லும். நாற்பதை நெருங்கும் வயதில், வகுப்பில் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வாரக்கணக்கில் ஒரே அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவமானமாக இருந்தது. மாலையில் அறைக்கு வந்தால் பேச ஆள் இல்லை. மனைவியிடம் தொலைபேசியில் எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டு, மறுபடி அந்த அட்டவணையையே எடுத்துவைத்துக்கொள்வேன்.

அந்த அட்டவணைகளின் கோளாறு இதுதான். அவை ஒவ்வொரு விகுதிக்கும் ஓர் ஆங்கில முன்னிடைச் சொல்லைக் காட்டி, அதைச் சொல்லுக்குப் பின்னால் மாட்டு என்றன. பிறகு வாக்கியத்தையே தலைகீழாக்கச் சொன்னார்கள்: வினையைக் கடைசிக்குத் தள்ளு, அடைமொழியை முன்னால் கொண்டுவா. நானோ, தமிழில் இயல்பாக வரும் வரிசையை முதலில் ஆங்கிலத்துக்குப் புரட்டி, அங்கிருந்து துருக்கிக்கு மறுபடி புரட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போக ஊரைச் சுற்றிய கதை. இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஆங்கில வழிப் பாடம் என்பதை ஒரு வசதி போலச் சொல்லி விற்கிறார்கள். தமிழருக்கு அது வசதியே அல்ல.

மேலே போகும் முன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. துருக்கியில் 1928-இல் அரபு எழுத்தைக் கைவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். மொத்தம் 29 எழுத்துகள், எழுதியபடியே உச்சரிப்பு. நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுவதால் சில ஒலிகள் தப்பும். உயிர் எட்டு: அ, எ, இ, ஒ, உ ஆகியவற்றோடு, உதட்டைக் குவித்துக்கொண்டு எ, இ சொல்வதுபோன்ற இரண்டு, பிறகு புள்ளியில்லாத இ என்று அவர்கள் எழுதும் ஒன்று. இந்தக் கடைசி ஒலிக்கு என் வகுப்பில் ஐரோப்பியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ‘பாட்டு’, ‘காடு’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒலிக்கிறதே, அந்தக் குற்றியலுகரம்தான் அது. ஆசிரியர் என் உச்சரிப்பைப் பாராட்டியது அந்த ஒரே நாளில்தான். கீழே அந்த ஒலியையும் ‘உ’ என்றே எழுதியிருக்கிறேன்.

நமக்கு முற்றிலும் புதியது உயிரொலி இசைவு. சொல்லின் கடைசி உயிர் எந்தக் கட்சியோ, விகுதியும் அதே கட்சிக்குப் போக வேண்டும். அ, ஒ, உ, குற்றியலுகரம் ஒரு கட்சி. எ, இ, குவிந்த இரண்டும் மறு கட்சி. எவ் என்றால் வீடு, பன்மை எவ்லெர். கிதாப் என்றால் புத்தகம், பன்மை கிதாப்லார். ‘இலிருந்து’ என்பதற்கு என் பாடநூலில் நான்கு விகுதிகளைக் கொடுத்து நான்கையும் மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். அது ஒரே விகுதிதான். உயிர் கட்சி மாறும், முதல் மெய் வலிக்கும் அல்லது மெலியும், அவ்வளவே. எந்த மெய்களுக்குப் பின் வலிக்கும் என்பதற்கு அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ‘ஃபுஸ்துக்சு ஷஹாப்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கடலை வியாபாரி ஷஹாப் என்று பொருள், தேவையான எட்டு மெய்களும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. இதைக் கிடங்கில் ஒரு பையன் சொல்லித் தந்தான், இலவசமாக. அட்டவணையை மூடிவைத்துவிட்டு, புதுச் சொல் ஒன்றைக் கேட்டவுடன் பன்மையையும் சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நாக்கு தானாகவே கட்சி பிடித்துக்கொள்ளும். அரபியிலிருந்து வந்த சில சொற்கள் மட்டும் முரண்டு பிடிக்கும்: மணி, கடிகாரம் என்று பொருள்படும் சாஅத், சாஅத்லெர் என்றுதான் ஆகும்.

இதைத் தாண்டிவிட்டால் வீட்டுக்குள் நுழைந்த மாதிரிதான். எவ்லெரிமிஸ்தென் என்ற சொல்லை வகுப்பில் கரும்பலகை முழுக்க எழுதி விளக்கினார்கள். எவ், வீடு. லெர், கள். இமிஸ், எங்கள். தென், இலிருந்து. ‘எங்கள் வீடுகளிலிருந்து’. பன்மை முன்னால், வேற்றுமை பின்னால் என்ற வரிசை நம்முடையதேதான். ‘எங்கள்’ மட்டும் முன்னால் நிற்காமல் நடுவில் நுழைந்திருக்கிறது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பள்ளியில் பதம் பிரித்தோமே, அதையே இங்கே செய்தால் போதும். இரண்டு உயிர்கள் மோதும் இடத்தில் யகரம் வருவதை ‘இடைத்தாங்கல் மெய்’ என்ற பொருளில் ஏதோ பெரிய விதியாகச் சொன்னார்கள். அரபா, வண்டி, அரபாயு, வண்டியை. மழை, மழையை என்று சொல்லும் நமக்கு உடம்படுமெய்யை யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘ஒ’ என்றால் அது. ‘அதை’ என்பதற்கு ‘ஒனு’ என்கிறார்கள், நடுவில் ஒரு னகரம். அது, அதனை. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆசிரியருக்குக் கோபம் வந்தது.

இந்த ஒற்றுமையைப் பார்த்து இரண்டு மொழியும் உறவு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு எழுதியபோது துருக்கி முதலிய மொழிகள் அடங்கிய ஒரு பெருங்குடும்பத்தோடு உறவு இருக்கலாம் என்றே கருதினார். இன்றைய மொழியியலார் அதை ஏற்பதில்லை. ஒட்டி ஒட்டிக் கட்டும் முறையும் வினை கடைசியில் வரும் அமைப்பும் ஜப்பானிய, கொரிய மொழிகளிலும் உண்டு. எனக்கு உறவுமுறை முக்கியமில்லை. வேலைக்கு ஆகிறதா என்பதே முக்கியம்.

இரண்டாம் வேற்றுமையைத்தான் எல்லோரும் பூதமாகக் காட்டுகிறார்கள். எப்போது உருபு சேர்ப்பது, எப்போது விடுவது? கிதாப் ஒகுதும்: புத்தகம் படித்தேன். கிதாபு ஒகுதும்: புத்தகத்தைப் படித்தேன். முதலாவது ஏதோ ஒரு புத்தகம், அல்லது சும்மா படிப்பு. இரண்டாவது இன்னது என்று நமக்குள் தெரிந்த புத்தகம். தமிழில் அஃறிணைக்கு நாம் எப்படி ‘ஐ’ போடுகிறோமோ, விடுகிறோமோ, அதே உணர்வு பெரும்பாலும் பொருந்தும். என் வகுப்பு இதற்காக மட்டும் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டது. அந்த ஒரு வாரத்தின் கட்டணத்தை மட்டுமாவது கேட்டு வாங்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

வினைக்கு வருவோம். கெல் என்றால் வா. கெல்திம், வந்தேன். கெலியோரும், வருகிறேன். கெல்மெதிம், வரவில்லை. கடைசிச் சொல்லைப் பிரித்தால் கெல், மெ, தி, ம்: பகுதி, எதிர்மறை, இறந்தகாலம், தன்மை ஒருமை. நமது ‘வரவில்லை’யில் யார் என்பது தெரியாது, ‘அறியேன்’, ‘செய்யேன்’ என்ற பழைய வடிவங்களில் தெரியும். துருக்கி இன்னும் அந்தப் பாதையில்தான் போகிறது, அதனால் ‘நான்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கண்முன் நடந்ததைச் சொல்லும் இந்த இறந்தகாலத்துக்கு அவர்களிடம் ஒரே இடைநிலை. செய்தான், உண்டான், சென்றான், ஓடினான் என்று நாம் கொத்துக்கொத்தாக வைத்திருப்பதைப் பார்த்தால், தமிழ் படிக்க வரும் துருக்கியர் மீதுதான் பரிதாபப்பட வேண்டும். விதிவிலக்கு என்று பயமுறுத்துவதில் பெரியது, ‘வருவேன்’ என்ற பொருளுள்ள கெலிரிம் வகை. ஓரசை வினைகளில் பதின்மூன்று மட்டும் அங்கே தனி வழியில் போகும். பதின்மூன்றும் தினமும் காதில் விழும் சொற்கள். கற்க வேண்டியதில்லை, தானாக ஒட்டிக்கொள்ளும்.

நீளமான சொல்லைக் கண்டால் நெய்த துணியிலிருந்து நூலை உருவுவதுபோலக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக உருவுங்கள். முதலில் ஆள், பிறகு காலம், பிறகு எதிர்மறை, பிறகு பிறவினையா செயப்பாட்டுவினையா என்பது, மிஞ்சுவது பகுதி. அதை மட்டும் அகராதியில் தேடுங்கள். முழுச் சொல்லையும் தேடினால் கிடைக்காது. கைப்பேசியில் முழுச் சொற்களைத் தட்டித் தட்டி, எதுவும் இல்லை என்ற பதிலைப் பார்த்து மனம் வெறுத்த இரவுகள் எனக்கு உண்டு. 1932-இல் தொடங்கிய துருக்கி மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசம். பெயர்ச்சொல்லின் ஈறு உருபு ஏறும்போது மெலியுமா என்பதையும் பக்கத்திலேயே காட்டிவிடும்.

எச்சங்களில்தான் நமக்கு உண்மையான லாபம். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வாக்கியமாக உடைத்து, இணைப்புச் சொல் போட்டு விளக்குவதை நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கிதிப் கெல்திம், போய் வந்தேன். கல்குப் கித்தி, எழுந்து போனான். யெமெதென், சாப்பிடாமல். கெலின்ஜே, வந்ததும். கிதெர்கென், போகும்போது. கெலிர்சே, வந்தால். ‘என்று’ கூட அப்படியே இருக்கிறது: யாமுர் யாஅஜாக் தியே ஷெம்சியே அல்தும், மழை பெய்யும் என்று குடை எடுத்தேன். ‘தியே’ என்பது சொல்லுதல் என்ற வினையிலிருந்து வந்த எச்சம். நமது ‘என்று’வும் அப்படி வந்ததுதான். கேள்விக்கு நம் ஆகாரம் போல ‘மி’. எந்தச் சொல்லின் மேல் சந்தேகமோ அதன் பின்னால் போடலாம்: சென் மி கெல்தின், நீயா வந்தாய்? கெல்தின் மி, வந்தாயா? ‘உம்’ போல ‘தே’: பென் தே, நானும். இதை எழுதும்போது தனியாக எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் ‘இடத்தில்’ என்ற ஏழாம் வேற்றுமையாகிவிடும். அந்த ஊர்க்காரர்களே இதில் சறுக்குவார்கள் என்பதால் பெரிதாக வெட்கப்பட வேண்டாம். கேலி பேசும்போது நாம் புத்தகம் கித்தகம் என்கிறோம், அவர்கள் கிதாப் மிதாப் என்கிறார்கள். முதன்முதலில் கிடங்கில் ‘சாய் மாய்’ குடிக்கலாம் என்று நானே சொன்னபோது எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று முதல் என்னை ‘அபி’, அதாவது அண்ணா, என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இனி, பணம் கரைந்த இன்னொரு வழி. இஸ்மிர் துறைமுகத்துக்கு எங்கள் நூல் கண்டெய்னர் வர வேண்டியிருந்தது. சரக்கு முகவர் அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் ‘மால் கெல்மிஷ்’ என்றார். மால் என்றால் சரக்கு. கெல் என்றால் வா. ‘மிஷ்’ ஓர் இறந்தகாலம், கதைகளில் வரும், அடுத்த நிலையில் பார்ப்போம் என்று வகுப்பில் தள்ளிவைத்திருந்தார்கள். சரக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு டெனிஸ்லியிலிருந்து லாரியை அனுப்பினேன். கப்பலே இன்னும் கரை சேரவில்லை. லாரி காத்துக் கிடந்ததற்கான கூலியும் மறுபடி போக்குவரத்தும் சேர்த்து ஏறத்தாழ 28,000 ரூபாய். அதில் பாதியை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்று மாலை கணக்கெழுதும் அம்மா பொறுமையாக விளக்கினார்: அவர் ‘கெல்தி’ என்று சொல்லவில்லையே, ‘கெல்மிஷ்’ என்றுதானே சொன்னார்? அதாவது, அவர் பார்க்கவில்லை. யாரோ சொன்னார்கள், வந்ததாம். எங்கள் பாட்டி ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம் என்று தொடங்கும் அதே ‘ஆம்’. அவர்களின் கதைகளும் ‘பிர் வார்முஷ், பிர் யோக்முஷ்’ என்றுதான் தொடங்கும்: ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம். ஐந்து நிமிடத்தில் புரிய வேண்டியது, இரண்டாம் நிலைப் பாடம் என்று பூட்டி வைத்திருந்தார்கள்.

ஆனால் மிஷ், நமது ‘ஆம்’மைவிட அகலமானது. தெரு நனைந்திருப்பதைப் பார்த்து ‘மழை பெய்திருக்கிறது’ என்று ஊகித்துச் சொல்வதும் அதுதான். நமக்குத் தெரியாமல் நமக்கே நடந்ததற்கும் அதுதான்: உயுமுஷும், தூங்கிப்போயிருக்கிறேன். சமைத்ததைச் சாப்பிட்டுப் பார்த்து ‘நன்றாக வந்திருக்கிறதே’ என்று பாராட்டவும் அதுதான். தொழிலில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் சம்பந்தப்பட்ட பேச்சில் மிஷ் காதில் விழுந்தால் உடனே ‘கெசின் மி?’ என்று கேளுங்கள். உறுதிதானா என்று பொருள். எதிரில் இருப்பவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். அதேபோல, விலை பேசும்போது ‘பகாருஸ்’ என்று சொன்னால், அது நாம் சொல்லும் ‘பார்ப்போம்’. கரூரில் அதற்கு என்ன அர்த்தமோ டெனிஸ்லியிலும் அதே அர்த்தம். மாதிரி நூலை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

தமிழை நம்பிக் காலை விட்டால் வழுக்கும் இடங்களும் உண்டு. ‘எனக்குப் பணம் வேண்டும்’ என்பதில் எனக்கு என்பது ‘பனா’, சரி. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’ என்பதில் ‘பனா’ வராது. ‘பெனிம் கார்தெஷிம் வார்’, என்னுடைய என் தம்பி உண்டு என்று சொல்ல வேண்டும். நாம் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவர்கள் யோக், தெயில் என்று பிரிக்கிறார்கள். தண்ணீர் இல்லை என்றால் யோக். நான் ஆசிரியர் இல்லை என்றால் தெயில், அதாவது அல்ல. இதில் பழைய தமிழ் தெரிந்தவர்களுக்குச் சிரமமில்லை. ஆளைக் குறிக்கும் பெயருக்கு நாம் எப்போதும் ‘ஐ’ போடுவோம். அவர்கள் யாராவது ஒரு டாக்டரைத் தேடினால் உருபே போடாமல் ‘தொக்தோர்’ தேடுவார்கள். உணவு விடுதியில் ‘எத்சிஸ்’, இறைச்சி இல்லாமல், என்று மிகச் சரியான இலக்கணத்தோடு கேட்டேன், கோழி வந்தது. சிஸ் என்ற விகுதியில் குற்றமில்லை, அங்கே பலருக்கு எத் என்றால் ஆடு மாடு மட்டும்தான். சைவர்கள் கோழியைத் தனியாக ‘தவுக்சுஸ்’ என்று மறுத்துவிடுவது நல்லது.

எல்லாவற்றிலும் கடினம் பெயரெச்சம். நமக்கு ‘வந்த’, ‘அனுப்பிய’ என்று ஒரே வகைதான்; வந்த சரக்கு என்றாலும், நாங்கள் அனுப்பிய சரக்கு என்றாலும் அமைப்பு மாறாது. துருக்கியில் செய்தவர் மேல் ஏறினால் ஒன்று, மற்றதற்கு வேறொன்று. கெலென் மால், வந்த அல்லது வருகிற சரக்கு. காலத்தைச் சூழலில் இருந்துதான் எடுக்க வேண்டும். கொந்தெர்தியிமிஸ் மால், நாங்கள் அனுப்பிய சரக்கு. கொந்தெர்தியினிஸ் மால், நீங்கள் அனுப்பிய சரக்கு. மகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள வேறுபாடுதான் யார் தலையில் பொறுப்பு விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. தொலைபேசியில் இரைச்சலுக்கு நடுவே இது கேட்காது. இந்த மாதிரி விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. தொடக்க நிலைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஊரில் இருக்கும்போதே, துருக்கி மொழியை வெளிநாட்டவருக்குக் கற்பிக்கும் யூனுஸ் எம்ரே நிறுவனத்தின் இணையப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். விளக்கம் ஆங்கிலத்தில் வந்தால் பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டு படியுங்கள். அங்கே போன பின், ஊர்தோறும் அரசு நடத்தும் ‘ஹல்க் எயிதிம் மெர்கெசி’ என்ற மக்கள் கல்வி மையம் இருக்கும். வெளிநாட்டவருக்கான மொழி வகுப்பு அங்கே இலவசம். போதுமான ஆள் சேர்ந்தால்தான் தொடங்கும் என்பதால் பெயரைக் கொடுத்துவிட்டு அடிக்கடி விசாரிக்க வேண்டும். தனியார் மையத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் மொத்தக் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டாமல் மாதாமாதம் கட்ட ஒப்புக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் பாதியில் விலகுவது பற்றிய பிரிவு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். நான் கையெழுத்திட்ட தாள் துருக்கி மொழியில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்திருந்தால் வகுப்பே தேவைப்பட்டிருக்காது. மிச்சமாகும் பணத்தில், பாடம் நடத்தாமல் உங்களோடு பேசிக்கொண்டு மட்டும் இருக்கக்கூடிய ஒருவருக்கு மணிக்கணக்கில் கொடுங்கள். எனக்குக் கடைசியில் பேச்சு வந்தது அப்படித்தான்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். ‘நோத்தெர்’ எனப்படும் நோட்டரி அலுவலகத்தில் துருக்கி தெரியுமா என்று கேட்பார்கள். கிடங்கில் சரளமாகப் பேசும் பெருமிதத்தில் தெரியும் என்று சொல்லிவிட்டால் அப்படியே கையெழுத்து வாங்கிவிடக்கூடும். தெரியாது என்று சொல்லி, சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். ஒப்பந்த வாக்கியங்கள் பெயரெச்சத்துக்குள் பெயரெச்சமாக அரைப்பக்கம் நீளும். வினைமுற்று வந்து சேரும் முன் யார் யாருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்பது கலைந்துவிடும். நான் இப்போதும் அந்தக் கூலியை முனகாமல் கொடுத்துவிடுகிறேன்.